ஆறு மில்லி பின்னு

சன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு வெளிய பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இந்தக் கையப் பாத்துத் தள்ளி உக்கார வேண்டாமுங்க, கறை ஒட்டாது. முப்பத்தோரு வருசமா ஏறுன ஆயிலு, தோலோட தோலாயிருச்சு. எங்கூட்டுக்காரி சீயக்காய், மண்ணெண்ணெய், சோப்புன்னு எல்லாம் போட்டுத் தேச்சுப் பாத்துட்டு, போய்த் தொலையட்டும்னு விட்டுட்டா.

தாராபுரம் வரைக்குமுங்களா? நானும் அங்கதான். ஒரு அம்மாவப் பாக்கோணும். தெய்வானைன்னு பேரு. பொங்கலுக்கு முன்னால கண்ணுல அடிபட்டு, தம்பி ஊட்டுல வந்து இருக்காங்க. எடது கண்ணு போயிருச்சுங்க. அடிபட்டப்ப நான் அங்கயேதான் நின்னுட்டிருந்தேன், ஒரு பத்தடி தூரத்துல. அதுல எம்மேல தப்பு இருக்குதா இல்லையான்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. எங்க தெருவுல யாருகிட்டயும் நான் இதக் கேக்க முடியாது. நீங்க யாரோ, நான் யாரோ. அதுதான் வசதி.

எம் பேரு அங்கமுத்து. கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்துல பட்டறை. ஊருக்கெல்லாம் மோட்டாரும் பம்பும் செய்யற மிஷினுக இருக்குதுல்லீங்க, லேத்து, சேப்பரு, அறுக்கற மிஷினு, அதுக ஒடஞ்சா தேஞ்சா மாத்துச் சாமான் செஞ்சு குடுக்கறவன் நான். மிஷின் செஞ்ச கம்பெனிய மூடி நாப்பது வருசம் ஆயிருக்கும். மிஷின் மட்டும் இன்னும் ஓடிட்டிருக்கும். ஸ்பேருக்கு எங்க போவாங்க? எங்கிட்டத்தான் வரோணும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. எங்கிட்ட வர்றது பூராவும் தேஞ்ச சாமானு. அத அப்படியே அளந்து செஞ்சு குடுத்தா, தேஞ்சதுக்கு இன்னொரு தேஞ்சது, அம்புட்டுத்தான். நேத்துத் தொழிலுக்கு வந்தவன் அதத்தான் செய்வான். நான் கையில வாங்குனதும் பாப்பேன், எது செஞ்சவன் வெச்ச அளவு, எது காலம் தின்ன அளவுன்னு. தின்னத நெரப்பிப் போட்டு, புதுசுல எப்படி இருந்துச்சோ அப்படிச் செய்வேன். செஞ்சவன் தப்பா வெச்சிருந்தா அதையும் திருத்திப்போடுவேன். நான் செஞ்ச சாமான் ஒடஞ்சு திரும்பி வந்ததில்லைன்னு எங்க தெருவுல ஒரு பேச்சு உண்டு. பெருமைக்குச் சொல்லலீங்க. செரி, பெருமைக்குத்தான் சொல்றேன். அந்தப் பேச்சு ஒண்ணத் தவிர எனக்கு வேற என்ன இருக்குது?

தெய்வானை ஊட்டுக்காரரு சிவராசு, எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல லேத்து வெச்சிருந்தாரு. ஆளு தங்கமான ஆளு. வேலை சுமாரு. செத்தவரச் சொல்லக்கூடாது, ஆனா சுமாருதான். கிட்னி போய் ரெண்டு வருசம் முன்னால தவறிட்டாரு. கொழந்தையில்ல. லேத்த வித்துட்டு ஊருக்குப் போங்கம்மிணின்னு நான்தான் மொதல்ல சொன்னேன். அந்தம்மா கேக்கல. அவரு இருக்கறப்பவே கூட நின்னு பழகியிருப்பாங்க போல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுவாரம் பட்டறையத் தொறந்துட்டாங்க. பம்புக்குள்ள சுத்தற கம்பி, ஷாப்டு இருக்குது பாருங்க, அதுல மரை வெட்டற வேலை. பொம்பளைக்கு எதுக்கு லேத்துன்னு தெருவே பேசுச்சு. நானும் பேசுனேன்.

மரைன்னா போல்ட்டுல சுத்திச் சுத்தி வெட்டியிருக்குமே, அந்த வரி; அத வெட்டறது எப்படின்னு சொல்லீர்றேன், இல்லாட்டி உங்களுக்கு வெளங்காது. லேத்துல சக்குன்னு ஒண்ணு, இரும்ப இறுக்கிப் புடிச்சுட்டு கரகரன்னு சுத்தும். முன்னால நீளமா ஒரு தண்டு. அந்தத் தண்டு சுத்தச் சுத்த, கத்தி வெச்ச வண்டி சக்கப் பாத்து நகரும். கிட்ட வந்ததும் ஒரு லீவரத் தூக்கிரோணும். தூக்குனா வண்டி நின்னுக்கும். தூக்க மறந்தா நேராப் போய் சக்குல முட்டிரும். ஒரு இமை நேரந்தான். கண்ணு அங்கயே இருக்கோணும்.

அந்தத் தண்டையும் அத ஓட்டற கியரையும் சேத்துப் புடிச்சிருக்கறது ஒரு பின்னு. ஆறு மில்லி கனம், பாதி வெரல் நீளம். சிவராசு ஒரு டப்பா நெறைய செஞ்சு வெச்சுட்டுப் போயிருந்தாரு. அது தீந்ததும் கடைசிப் பின்ன எடுத்துட்டு அந்தம்மா எங்கிட்ட வந்தாங்க. அச்சு அசலா இதே மாதிரி வேணுங்ணா, அவரு இப்படித்தான் செய்வாருன்னாங்க. பாத்தேன். பதம் ஏத்தாத பச்சை இரும்பு, கம்பிக்கடையில கெடைக்கறது. நடுவுல சுத்தி ஒரு பள்ளம், கத்தி தவறி விழுந்தாப்பல. இதென்ன லட்சணம்னு நெனச்சேன். ஆனா கேட்டவங்க கேட்டபடி ஆறு செஞ்சு குடுத்தேன், பள்ளத்தோட.

ஒடஞ்சுது. ஒடையாம என்ன பண்ணும்? அந்தம்மா புதுசு, லீவரத் தூக்கறதுக்கு அரை நொடி பிந்தும், வண்டி போய் லேசா முட்டும், பின்னு டக்குன்னு ரெண்டாப் போகும். மிஷின் நின்னுக்கும். வேற பின்னத் தட்டிட்டு வேலையப் பாப்பாங்க. ஆறும் தீந்ததும் மறுபடியும் வந்து நிப்பாங்க. ஒடஞ்சிருச்சுங்ணான்னு சொல்லிட்டுச் சிரிப்பாங்க. ஒரு நாளும் கொறை சொன்னதில்லீங்க. சிரிப்பாங்க, அவ்வளவுதான். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கல. என் கையில செஞ்சது ஒடஞ்சு போச்சுன்னு ஒருத்தி வந்து பல்லக் காட்டிட்டு நிக்கறா பாருன்னு உள்ள எரியும்.

அதோட போயிருந்தாலும் போயிருக்கும். எதுத்த பட்டறைக்காரன் குப்புராசு இருக்கான், வாயி சும்மா இருக்காது. ஒரு நாள் பேக்கரியில டீ குடிச்சுட்டு இருக்கறப்ப, பத்துப் பேரு நடுவுல, அங்கமுத்தண்ணன் இப்பெல்லாம் அப்பளமும் போடறாருப்பா, தெய்வானக்கா வாரம் ஒரு கட்டு வாங்கிட்டுப் போகுதுன்னான். எல்லாரும் சிரிச்சானுக. டீ ஊத்தறவன்கூடச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு பட்டறைக்கு வந்து கதவச் சாத்திட்டு உக்காந்தேன். முப்பத்தோரு வருசத்துப் பேரு, அப்பளமாயிருச்சு.

அன்னைக்கே எடுத்தேனுங்க, நல்ல கெட்டி ஸ்டீலு. லாரிக்காரங்க ஆக்சில் செய்யறது. அந்தப் பள்ளமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்னு நேராக் கடைஞ்சேன். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கி எடுத்து, பதம் பாத்து, கண்ணாடியாட்டம் பாலிஷ் போட்டேன். அரம் போட்டா அரம் வழுக்கும். ஒண்ணே ஒண்ணு. நானே கொண்டுபோய், நானே மாட்டுனேன். சுத்தியல்ல தட்டித் தட்டி எறக்கறப்ப அது உள்ள போன சத்தம் இருக்குதே, ஆகா. நம்ம தொழில்ல அதுக்கு மேல ஒரு சந்தோசம் கெடையாதுங்க.

அந்தம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தாங்க. கேட்டாங்க. கேக்கலைன்னு நான் சொல்லமாட்டேன்.

"இதுல பள்ளம் இல்லீங்களேண்ணா?"

"பள்ளம் உங்கூட்டுக்காரரு கைத்தப்பு அம்மிணி. நான் சரி பண்ணிட்டேன்."

அவங்க நிமுந்து செவுத்தப் பாத்தாங்க. சிவராசு போட்டோ அந்தச் செவுத்துலதான் மாட்டியிருந்துச்சு. அப்பறம், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்ணான்னாங்க.

ஒரு பின்னுல கைதவறிப் பள்ளம் விழலாம். ஒரு டப்பா பின்னுலயும் அதே எடத்துல, அதே ஆழத்துல எப்படி விழும்? அத நான் எங்கிட்டக் கேட்டுக்கவே இல்லீங்க. நெசமாச் சொல்றதுன்னா, கடைசல் புடிக்கறப்ப ஒரு நிமிசம் நெஞ்சுல ஒரு முள்ளு கீறுச்சு. அப்பளம்னு அவன் சொன்னது ஞாபகம் வந்துச்சு. முள்ளு போயிருச்சு.

மூணு மாசம் ஒடையல. பேக்கரியில குப்புராசு வர்றப்பெல்லாம் கேப்பேன், தெய்வானை பட்டறையில அப்பளம் நொறுங்குச்சாப்பான்னு. அவனும் ஒத்துக்கிட்டான். என்னமோண்ணா, நீ நீதாண்ணான்னான். அந்தம்மாவுக்கும் கை பழகிருச்சு, லீவரு சரியான நேரத்துக்குத் தூக்குவாங்க. ஒரு நாள் முறுக்கு சுட்டுக் கொண்டாந்து எங்கூட்டுல குடுத்துட்டுப் போனாங்க.

பல்லடம் வந்துருச்சுங்களா? இல்ல, காரணம்பேட்டைதான். செரி.

மார்கழி கடைசியில ஒரு புதுக் கம்பெனிக்காரங்க வந்தாங்க. அவங்களே லேத்து செய்யறாங்களாம், நூறு பின்னு வேணும்னு. வந்தது ஒரு இன்ஜினியர் பொண்ணு, வரைபடத்தோட. மேசையில விரிச்சா. ஆறு மில்லி. பச்சை இரும்பு. நடுவுல பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு அளவு போட்டிருக்குதுங்க, நூலு பெசகாம இருக்கோணும்னு செவப்புல வட்டம் வேற போட்டிருக்குது. நான் சிரிச்சுட்டே கேட்டேன், இந்தப் பள்ளம் எதுக்கு கண்ணு, நேராச் செஞ்சா இன்னும் பலமா இருக்குமேன்னு. அந்தப் புள்ள என்னைய ஏற எறங்கப் பாத்தா. சோதிக்கறேன்னு நெனச்சுக்கிட்டா போல. பரீட்சைக்குச் சொல்ற மாதிரி சொன்னா.

"இது ஒடையறதுக்குன்னே செய்யற பின்னுங்க சார். வண்டி முட்டுனா மொதல்ல இது போயிரோணும். இது போகலைன்னா கியரு வெடிக்கும், ஆளுக்கு அடிபடும்."

அந்தப் புள்ள அப்பறம் தேதி, டெலிவரின்னு என்னென்னமோ பேசுனா. நான் தலைய ஆட்டிட்டே இருந்தேன். சிவராசு கைத்தப்பு இல்ல அது. சுமாரான வேலைக்காரன்னு நான் சொன்ன ஆளு, ஒரு டப்பா நெறைய நூலு பெசகாம பள்ளம் போட்டு வெச்சுட்டுப் போயிருக்கான், எம் பொண்டாட்டி கத்துக்கற வரைக்கும் காலம் ஓடட்டும்னு.

சட்டைப்பையில போன் இருந்துச்சுங்க. அந்தம்மா நம்பரும் இருந்துச்சு. மிஷின நிறுத்துங்கம்மிணின்னு ஒரு வார்த்தை. நீங்களா இருந்தா பண்ணியிருப்பீங்க. நான் என்ன ரோசனை பண்ணுனேன்னா, இதப் போன்ல எப்படிச் சொல்றது, ஏன் எதுக்குன்னு கேப்பாங்க, பயந்துக்குவாங்க, நேர்ல போய் பக்குவமா மாத்திட்டு வந்துரலாம். ஆயில் பாக்கறேன்னு சொல்லிட்டுப் பின்ன மாத்திட்டா யாருக்கும் தெரியாது. மாத்தறதுக்கு ஒரு பின்னு வேணுமல்லங்க? மிஷின்ல நின்னு பச்சை இரும்புல ரெண்டு கடைஞ்சேன், பள்ளத்தோட. முக்கா மணி நேரம். அவசரத்துல ஒண்ணும் பண்ணலீங்க, பள்ளம் சுத்தமா வந்துச்சு.

போனப்ப உச்சி வெயிலு. பட்டறைக்குள்ள மிஷின் ஓடிட்டிருக்குது. நாப்பது ஷாப்டு, நாலு மணிக்கு சரக்கெடுக்க டெம்போ வருது, அப்பறம் பொங்கல் லீவு. இருபத்தெட்டு முடிஞ்சு அடுக்கி வெச்சிருந்தாங்க. கியரு இருக்கற பக்கம் மூடி கழட்டிச் செவுத்துல சாத்தியிருந்துச்சு. எல்லாப் பட்டறையிலயும் அப்படித்தானுங்க, என் பட்டறையிலயும்தான். நான் வாசல்கிட்ட நின்னுட்டு, அம்மிணி, அந்தப் பின்ன ஒருக்காப் பாத்துரலாம்னு வந்தேன், ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்தறீங்களான்னேன்.

"அது கல்லாட்டம் இருக்குதுங்ணா. பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம், நீங்க உக்காருங்க, டீ சொல்றேன்."

செரின்னேனுங்க.

அந்தச் செரி இருக்குது பாருங்க. நான் போனேன், கேட்டேன், அவங்கதான் வேண்டாம்னாங்க. கேட்டேனா இல்லையா? அத யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. ரெண்டு மாசமா இதையேதான் எனக்கு நானே சொல்லிட்டிருக்கேன்.

உக்காரல. நின்னேன். டீ வந்துச்சு, கையில வாங்கிட்டு நின்னேன். வண்டி நகருது, சக்குக்கிட்டப் போகுது, இன்னும் போகுது, அந்தம்மா லீவரத் தூக்கறாங்க, நிக்குது. எனக்கு மூச்சு வருது. வண்டியப் பின்னால தள்ளறாங்க, கத்திய ஒரு நூல் உள்ள விடறாங்க, லீவரப் போடறாங்க. மறுபடியும் நகருது. ஒரு ஷாப்டுக்கு எட்டுத் தடவை. இருபத்தொம்பதாவது முடிஞ்சுது. முப்பதாவது மாட்டுனாங்க. என் கால்சட்டைப் பையில அந்த ரெண்டு பின்னும் தொடையில குத்துது. ஒவ்வொரு தடவையும் இப்பச் சொல்லீறலாம்னு வாயி வரைக்கும் வருது. வண்டி நின்னதும், அடுத்த தடவை பாத்துக்கலாம்னு உள்ள போயிருது. கைதான் நல்லாப் பழகியிருக்குதே, இன்னும் பதினோரு ஷாப்டுதானே, அப்பறம் பொங்கல் லீவு, லீவுல சாவி வாங்கிட்டு வந்து மாத்திக்கலாம். மனுசன் எப்படியெல்லாம் ரோசனை பண்றான் பாருங்க. டீயி அப்படியே ஆறிப்போச்சு.

முப்பதாவது ஷாப்டு. எத்தனாவது ஓட்டம்னு தெரியல. வண்டி பாதி வந்திருக்கும். எனக்குத் தாங்கலீங்க. எனக்கே தெரியாம வாய் தொறந்துருச்சு.

"அம்மிணி."

அவ்வளவுதான் கூப்பிட்டேன். சத்தமாக்கூட இல்ல. அந்தம்மா என்னங்ணான்னு என் பக்கம் திரும்புனாங்க. கண்ணு மிஷின்ல இருந்து எடுத்தாங்க. அந்த ஒரு இமை நேரம். நான் நிறுத்துங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டனா, இல்ல போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூப்பிட்டனா, சத்தியமா எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க.

வண்டி முட்டுச்சு. பின்னு ஒடஞ்சிருந்தா டக்குன்னு ஒரு சத்தம், அதோட போயிருக்கும். ஒடையல. மிஷின் ஒரு மொனகு மொனகுச்சு, அப்பறம் கியரு வெடிச்சுது. வார்ப்பு இரும்புங்க, செதறுனா கண்ணாடியாட்டம் செதறும். ஒரு பல்லு பறந்து வந்து அவங்க எடது கண்ணுல. கத்தக்கூட இல்ல அவங்க. ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திட்டு அப்படியே உக்காந்தாங்க. வெரல் சந்துல ரத்தம் வருது. நான் மெயினை ஆப் பண்ணி, தூக்கி ஆட்டோவுல போட்டு, கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மடியில அவங்க தலை. அண்ணா, ஷாப்டு கெட்டுப்போச்சுங்களான்னு கேட்டாங்க. இல்லம்மிணின்னேன். ஆஸ்பத்திரியில ஆபரேசனுக்கு உள்ள கொண்டுபோனப்பறம் பையில கைய விட்டா, ரெண்டு பின்னும் இருக்குது. வெளிய வந்து சாக்கடையில போட்டுட்டேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க. இன்னும் முடியல.

கட்டோட படுத்திருக்கறாங்க, தாராபுரத்துல இருந்து தம்பி வந்திருக்கறாரு, வாத்தியாரு வேலை. அவருகிட்ட அந்தம்மா சொல்றாங்க, நான் பக்கத்துல நிக்கறப்பவே. அண்ணன் கூப்பிட்டாங்கடா, நான் திரும்புனேன், அதனாலதான் ஒரு கண்ணோட போச்சு, நேராப் பாத்துட்டிருந்தா ரெண்டும் போயிருக்கும், மாகாளியம்மனாட்டம் வந்து நின்னாங்கடான்னு. அந்தத் தம்பி எந்திரிச்சு எங் கையப் புடிச்சுக்கிட்டாரு. நான் என்ன பண்ணுனேன்னு கேளுங்க. விடுங்க தம்பி, ஆண்டவன் செயலுன்னு சொன்னேன்.

மிஷினப் பிரிச்சது குப்புராசு. கியரு பூரா போச்சு, அது இருக்கற பொட்டி விரிஞ்சுருச்சு. பின்னு மட்டும் ஒரு கீறல் இல்லாம இருந்துச்சு. அதைக் கொண்டாந்து பேக்கரியில எல்லாருக்கும் தூக்கிக் காட்டறான். மிஷினே நொறுங்கிப்போச்சு, அங்கமுத்தண்ணன் பின்னு ராசாவாட்டம் இருக்குது பாருங்கப்பான்னு. இனி எவனும் அப்பளம்னு சொல்லமாட்டானுங்க. நான் என்ன கேட்டனோ அது கெடச்சுருச்சு.

அதுக்கப்பறம் ஒவ்வொருத்தனா வந்தானுக. அண்ணா, தெய்வானக்காவுக்குப் போட்ட மாதிரி எனக்கும் ஒண்ணுன்னு. மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்கல்ல? ஏன்னு கேட்டா என்ன சொல்றதுங்க? நாலு பேருக்குக் குடுத்திருக்கேன். மொத ஆளு குப்புராசு. நாலும் ஓடிட்டிருக்குது.

நேத்து அந்தம்மா போன் பண்ணுனாங்க. புதுக் கியரு வந்துருச்சு, திங்கக்கெழமை மிஷின ஓட்டறேன், ஒத்தக் கண்ணு போதுமுங்ணா, ஊசியில நூலு கோக்கறேன் இப்பவே, பின்னு பழசே இருக்கட்டும், அது ராசியான பின்னுன்னு. தம்பி உங்களுக்கு ஒரு வேட்டி எடுத்து வெச்சிருக்கறான், ஒருக்கா வந்துட்டுப் போங்கன்னாங்க. அதான் போறேன். போய்ச் சொல்லீறலாம்னுதான் போறேன். போன மாசமும் இப்படித்தான் கெளம்புனேன், பாதியில எறங்கித் திரும்பிட்டேன்.

இல்லீங்க, அந்த நாலு பேருகிட்டயும் இன்னும் சொல்லல. மொதல்ல அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு, அப்பறம் ஊருக்குப் போய் ஒவ்வொருத்தனையும் நேர்ல பாத்து, பக்குவமா... ஆமாங்க. இன்னைக்குப் புதன்கெழமைதான். மணி பதினொண்ணரை. எல்லாப் பட்டறையும் ஓடிட்டுத்தான் இருக்கும்.

இப்பவே போன் பண்றதுங்களா? பஸ்சுலயேவா? இத்தனை பேரு இருக்காங்க. நீங்க சொல்றது நாயம்தான். இல்லைங்கல. நாயந்தான்.

இந்தாங்க போனு. நீங்க அழுத்துங்க. 'கு'வுல பாருங்க, குப்புராசு. அதேதான். ரிங்கு போகுதுங்களா? குடுங்க.

குப்புராசு, நான்தாம்பா. மிஷின் ஓடுதா? நிறுத்து. ஏன்னு அப்பறம் சொல்றேன், மொதல்ல நிறுத்து. நான் போட்டுக் குடுத்த பின்னக் கழட்டிப்போடு. ஒடையலப்பா. நல்லாத்தான் இருக்குது. நல்லா இருக்கறதாலதான் கழட்டச் சொல்றேன்.

அவன் சிரிக்கறானுங்க. ஏண்ணா, வேற நல்ல பின்னு புதுசா செஞ்சிருக்கறயான்னு கேக்கறான். மிஷின நிறுத்தல, சத்தம் கேக்குது. மரை வெட்டிட்டிருக்கறான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

குப்புராசு, சிரிக்காத. சொல்றதக் கேளு. தெய்வானை கண்ணு போனது அவங்க கவனக்கொறைவுல இல்ல. அது ஒடையறதுக்குன்னு வெச்ச பின்னு. சிவராசு சரியாத்தான் செஞ்சான். எனக்குத் தெரியல. அப்பறம் தெரிஞ்சுது. தெரிஞ்சப்பறமும் நான் அங்க நின்னு டீயப் புடிச்சுட்டுப் பாத்துட்டிருந்தேன். நான்தான்பா. அவங்க கண்ணப் போக்குனது நான்தான்.

மிஷின் சத்தம் நின்னுருச்சுங்க.

போன வெக்கல, லைன்லதான் இருக்கறான்.